பூனைக்கும் சேர்த்துத்தான் வீடு தேட வேண்டும்

(கம்பத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கடன் பற்றிப் பேசுவோம். இன்று வாடகை வீட்டையும் வீட்டுப் பூனையையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. நடந்ததைச் சொன்னால் ஏன் இந்தத் தலைப்பு என்று உங்களுக்கே விளங்கும்.

நம் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. மகளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்தது. அத்தாவுக்கும் ஒரு ஜவுளிக்கடையில் வேலை அமைந்தது. விடுதிக் கட்டணத்தையும் வாடகையையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, எல்லோரும் சேர்ந்தே போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். அவர்கள் வீட்டில் ஆறு வருடமாக ஒரு பூனை இருந்தது. அட்வான்ஸுக்குக் கடன் கேட்டு நம்மிடம் வந்தபோது, அந்தப் பிள்ளை, "பூனையையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று எங்களிடம் கேட்டது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "முதலில் வீடு கிடைக்கட்டும்மா. வீட்டுக்காரரிடம் இப்போது பூனைப் பேச்சையே எடுக்க வேண்டாம்" என்றோம்.

அவர்களும் அப்படியே செய்தார்கள். அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. மூன்றாவது வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடை அடிக்கிறது என்று புகார் சொல்ல, வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். "பூனை இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் யோசித்துப் பார்த்திருப்பேன் பாய். மறைத்துவிட்டீர்களே" என்றார். ஒரு வாரத்தில் பூனை போக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கையில் மறு அட்வான்ஸுக்குப் பணமில்லை. மகளுக்குத் தேர்வு நேரம். ஓர் இரவு அந்த அத்தா பூனையைச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மீன் மார்க்கெட் ஓரத்தில் விட்டுவிட்டு வந்தார். மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் மகளையும் கூட்டிக்கொண்டு தேடிப் போனார். மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினார்கள். கிடைக்கவில்லை.

கடைசித் தவணையைக் கட்ட வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தவறான யோசனையை முதலில் சொன்னவர்கள் நாங்கள். அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மார்க்கம் சொல்வது

ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு தராமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது, அது உங்களைச் சுற்றி வரும் பிராணி என்ற கருத்துள்ள செய்தியை அபூகதாதா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். வளர்க்கத் தொடங்கிவிட்ட உயிர் நம் பொறுப்பில் இருக்கிற அமானத்.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அந்த இடத்தின் பூனைகள் விரட்டும், நாய்கள் துரத்தும். மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பது நம்மை நாமே தேற்றிக்கொள்வதுதான்.

நாய் வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. தென்னந்தோப்பு, திராட்சைத் தோட்டம், ஏலத்தோட்டம் என்று காவலுக்கு நாய் வளர்ப்பது நம் பள்ளத்தாக்கில் வழக்கம். காவலுக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. தோட்டத்தில் ஓடியாடிய நாயை நகரத்தில் இரண்டு அறைக்குள் அடைத்தால் அதற்கும் கஷ்டம், அண்டை வீட்டாருக்கும் கஷ்டம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டுச் செல்வதே நல்லது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைத் தூக்கிக்கொண்டு வீடு தேடிப் போகாதீர்கள்.

சட்டம் எதுவரை உதவும்

"பிராணி வளர்க்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. வளர்ப்பு நாய்களைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது, பொதுக்குழுவில் பெரும்பான்மை வைத்தும் தடை செய்ய முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். குமுளி தாண்டினால் கேரளம். அந்த மாநில உயர் நீதிமன்றம் 2021இல், குடியிருப்பில் பிராணி வளர்க்கக் கூடாது என்று சங்கங்கள் போடும் விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஊரடங்கின்போது, தன் பூனைகளுக்குத் தீனி வாங்கப் போக அனுமதி கேட்டுக் கொச்சியில் ஒருவர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் அதையும் சிரித்து ஒதுக்காமல், போய் வாங்கிவர அனுமதித்தது.

ஆனால் இவையெல்லாம் சங்கத்தையும் அரசையும் பற்றியவை. தன் சொந்த வீட்டை வாடகைக்கு விடுகிறவரை, "பூனை வைத்திருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்தத் தமிழ்நாட்டில் சட்டமில்லை. ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று எழுதி, நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நம்மைக் கட்டுப்படுத்தும். எனவே கையெழுத்துக்கு முன்னால் பேசுவதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே பலம்.

பேசி முடித்ததை எழுத்தில் வைக்கச் சட்டம் உதவுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறத்தில் 11 மாத வாடகை என்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. தகராறு வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது.

மறைத்தால் ஆகும் செலவு

பூனை உண்டு என்று சொன்னால் வீடே கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கூடும் என்று பயப்படுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,20,000. சட்டத்தைச் சொல்லி மூன்று மாதத்துக்குப் பேசி முடித்தால் 36,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. சாமான் ஏற்றிச் செல்ல ஒரு 8,000. பூனையை மறைத்துப் போய் இரண்டே மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் புரோக்கர் கமிஷனும் வண்டி வாடகையும் மறுபடி 20,000. வெள்ளையடிக்க என்று பழைய அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்தால் இன்னும் 12,000. மொத்தம் 32,000 ரூபாய் தண்டம். உண்மையைச் சொல்லி, மாதம் 500 ரூபாய் கூடுதலாகவே ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்தப் பணத்தில் ஐந்து வருடம் ஓடியிருக்கும். மனசு பட்ட பாட்டுக்குக் கணக்கே இல்லை.

எப்படித் தேடுவது

வீட்டுக்காரர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வாடை, கதவிலும் திரையிலும் நகக்கீறல், அக்கம்பக்கத்துச் சண்டை, அடுத்து வருகிறவர் முகம் சுளிப்பார் என்ற பயம் ஆகியவைதான் காரணம். இவற்றுக்குப் பதிலோடு போகிறவருக்கு வீடு கிடைக்கிறது.

ஒன்று, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பூனையைத் தயார் செய்யுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 2020இல் தொடங்கப்பட்ட தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் வீரபாண்டியில் இருக்கிறது. சென்னைக்குப் போன பிறகு வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கருத்தடை செய்த ஆண் பூனை கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பது பெரும்பாலும் குறைந்துவிடும். வாடைப் புகாரில் பாதி அதனால் வருவதுதான். இதில் மார்க்க ஐயம் உள்ளவர்கள் நம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, எங்கே தேடுவது என்பது. பெரிய அடுக்குமாடியில் வீட்டுக்காரர் சம்மதித்தாலும் சங்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் கீழேயோ மேலேயோ குடியிருக்கும் தனி வீட்டின் போர்ஷனில் ஒரே ஒருவரிடம் பேசினால் போதும். திருவல்லிக்கேணி, மண்ணடி பக்கம் நம் மக்கள் அதிகம், வாடகையும் நெருக்கடியும் அதிகம். பல்லாவரம், தாம்பரம், ஆவடி என்று ரயில் போகும் புறநகரில் அதே வாடகைக்குச் சற்று விசாலமான இடம் கிடைக்கலாம். மதுரையோ கோவையோ போகிறவர்களும் பள்ளிவாசலைச் சுற்றி மட்டும் தேடாமல், பேருந்து வசதியுள்ள வெளிப்பகுதிகளையும் பாருங்கள். ஏற்கெனவே பூனை, கோழி, புறா வளர்க்கும் தெருவாக இருந்தால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

மூன்று, முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். "நாங்கள் நான்கு பேர், ஒரு பூனை. தடுப்பூசி போட்டிருக்கிறோம், வீட்டுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்." இவ்வளவுதான். பத்துப் பேரில் எட்டுப் பேர் வேண்டாம் என்றால் அந்த எட்டு வீட்டுக்கும் ஆட்டோ செலவு மிச்சம். மீதி இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரர் நல்லவிதமாக எழுதிக் கொடுத்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

நான்கு, சம்மதித்ததை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வீட்டுக்காரரின் மகன் ஊரிலிருந்து வந்ததும் மாறிவிடலாம். இப்படி எழுதினால் போதும்: "வாடகைதாரர் ஒரு வளர்ப்புப் பூனை வைத்திருக்க உரிமையாளர் சம்மதிக்கிறார். பூனையால் கதவு, திரை, சுவர் முதலியவற்றுக்குச் சேதம் ஏற்பட்டால் வாடகைதாரர் தம் செலவில் சரிசெய்து தருவார்." குடிபுகும் அன்றே கதவு, ஜன்னல், சுவர் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஐந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமல், வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்வது நல்லது. ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தால் பூனை மாடியிலிருந்து விழாது, பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் போகாது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் ஒருவர் ஒழுங்காக இருந்தால் அடுத்து வரும் பூனைக்காரக் குடும்பத்துக்கும் அந்த வீடு கிடைக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போயிருக்கும் சிங்கப்பூரிலும் இப்படித்தான் வழி பிறந்தது. அங்கே வீவக அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு முப்பது வருடத்துக்கு மேல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதித்திருக்கிறார்கள். உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், ஜன்னலுக்குத் தடுப்பு வேண்டும். ஒளித்து வளர்த்த காலம் போய், பொறுப்போடு வெளிப்படையாக வளர்க்கும் காலம் வந்திருக்கிறது.

வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு

இதுவரை வாடகைக்குப் போகிறவர்களிடம் பேசினோம். இந்தக் கூட்டத்தில் வாடகைக்கு வீடு விடுகிறவர்களும் இருக்கிறீர்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தேனியிலும் வீடு கட்டி விட்டிருக்கிறீர்கள். சிலருக்குச் சென்னையிலும் ஃபிளாட் இருக்கிறது.

நகரத்தில் வீடு தேடிய நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. போனில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும், "இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டோம்" என்பார்கள். மறுநாளும் அந்த வாசலில் டு-லெட் போர்டு தொங்கும். ஆளைப் பார்க்காமல், பழகாமல், ஒரு சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்துவது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதே வலியை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? பெயருக்காக மறுப்பதும் பூனைக்காக மறுப்பதும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பூனை வேண்டாம் என்பதற்கு உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருக்கலாம். அதை நேராகச் சொல்லிவிடுங்கள். அப்படி ஏதும் இல்லாவிட்டால், பூனை என்று கேட்டதும் போனை வைத்துவிடாமல் குடும்பத்தைப் பாருங்கள், தடுப்பூசி அட்டையைப் பாருங்கள், நிபந்தனையை எழுதி வாங்குங்கள், கொடுங்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் வீடு வாடகைக்கு விடும் இருவரும் தங்கள் ஒப்பந்தத்திலிருந்து "பிராணிகள் கூடாது" என்ற வரியை எடுத்துவிட்டு, மேலே சொன்ன நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார்கள்.

நம் அறக்கட்டளை செய்யப்போவது

இனி அட்வான்ஸ் கடனுக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்திடம், "வீட்டில் வளர்ப்புப் பிராணி உண்டா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்போம். உண்டு என்று சொல்வதால் கடன் குறையாது, தாமதமும் ஆகாது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய வரிகளை அச்சடித்துக் கொடுப்போம். நகரத்தில் வீடு அமைய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால், அதுவரை பூனையை ஊரில் பார்த்துக்கொள்ள முன்வரும் வீடுகளின் பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம். தீனிச் செலவு பூனையின் குடும்பத்தாருடையது. இடமும் கவனிப்பும் உங்களுடையது. பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டுச் செல்லலாம்.

எந்த வழியும் அமையவில்லை, பூனையைக் கொண்டுபோகவே முடியாது என்ற நிலையும் வரலாம். அப்போதும் சாக்கு வேண்டாம், இருட்டு வேண்டாம். பகலில், தெரிந்த ஒரு வீட்டில், அதன் தட்டோடும் பழக்கத்தோடும் ஒப்படையுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறது. சென்ற விடுமுறைக்கு வந்தபோது எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. கோபமாகப் பேசும் என்று எதிர்பார்த்தோம். அது கேட்டது ஒன்றுதான்: "அடுத்து யாராவது கேட்டால் வேற பதில் சொல்வீங்கள்ல?" சொல்வோம் என்றோம். இன்று உங்கள் முன்னால் சொல்லியிருக்கிறோம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட எல்லா உயிர்களிடத்திலும் இரக்கத்தோடு நடந்துகொள்ளும் மனதையும், வீடில்லாதவர்களுக்கு நிம்மதியான வீட்டையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.